மத்திக்கு ஒரு மரியாதை

ஸ்வீடன், நார்வே, டென்மார்க் ஆகிய வட தேசங்களில் பண்டிகை நாளன்று முதன் முதலாக மேஜைக்கு வரும் பதார்த்தம் எது என்று கேட்டால், நம்மில் பலர் இறைச்சி என்றோ, பாலாடைக் கட்டி என்றோ, வெண்ணெய் மணக்கும் பணியாரம் என்றோ சொல்லக்கூடும். அவற்றுக்கெல்லாம் முன்னால் வந்து உட்காருவது ஓர் ஊறுகாய். அதுவும் மீன் ஊறுகாய்! ஹெரிங் என்னும் மீனை உப்பிலிட்டு, பிறகு காடியும் சர்க்கரையும் கலந்த நீரில் ஊறவைத்து எடுப்பது அது. ஜூன் மாதத்தில் ஸ்வீடன் மக்கள் கொண்டாடும் நடுக்கோடைத் திருநாளிலும், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் பண்டிகைகளிலும் அது இல்லாத விருந்து விருந்தாகாது. அதற்குத் துணை அவித்த உருளைக்கிழங்கு, புளித்த பாலேடு, நறுக்கிய சதகுப்பைத் தழை. அவ்வளவுதான்.

இந்தப் பத்தி கூமாப்பட்டியிலிருந்து எழுதப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கண்மாயும் தென்னந்தோப்பும் நெல்வயலுமாக உள்ள ஊர் இது. 2025-ஆம் ஆண்டில் கைப்பேசிப் படங்களின் வாயிலாக இதன் பெயர் நாடெங்கும் பரவியதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். அந்தப் படங்களில் தண்ணீர் நிறைய இருந்தது. ஆனால் கடல் இல்லை. "மலையடிவாரத்துக்கும் வடகடல் மீனுக்கும் என்ன சம்பந்தம், ஐயா?" என்று நேயர்கள் கேட்பது நியாயமே. சம்பந்தம் உண்டு. நெருங்கிய உறவின்முறையே உண்டு.

ஹெரிங்குக்குச் சாஸ்திரப் பெயரிட்டவர் ஸ்வீடன் தேசத்து அறிஞர் லின்னேயஸ்; ஆண்டு 1758. அந்த ஹெரிங்கின் பெருங்குலத்தைச் சேர்ந்ததுதான் நம் சந்தைக்குக் கூடை கூடையாக வரும் மத்தி. சாளை, சூடை என்பனவும் அதே குலத்தவை. ஹெரிங்கைப் போலவே மத்தியும் பெருங் கூட்டமாகத் திரிவது, கொழுப்பு மிகுந்தது, 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம் தருவது. பால்டிக் கடலில் பிடிபடும் சிறிய ஹெரிங்குக்கு ஸ்த்ரெம்மிங் என்று பெயர். அளவில்கூட அது நம் மத்தியை ஒத்ததே.

உறவு இப்படியிருக்க, மரியாதை மட்டும் வேறாயிருக்கிறது. பளபளக்கும் சீட்டு ஒட்டிய புட்டியில் கடல் கடந்து வரும் மீனை நாம் நாகரிக உணவு என்கிறோம். மத்தியையோ ஏழை மீன் என்று ஒதுக்குகிறோம். ஆசிரியத் தொழிலில் உள்ளவர்களுக்கு ஒரு காட்சி புதிதன்று. மதிய வேளையில் சில பிள்ளைகள் சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியை முழுதும் திறப்பதில்லை. பாதி திறந்து, கையால் மறைத்துக்கொண்டு உண்பார்கள். எட்டிப் பார்த்தால் உள்ளே கருவாடோ மத்தியோ இருக்கும். பக்கத்தில் வெறும் சோற்றைத் தொட்டுக்கொள்ள ஏதுமின்றி உண்ணும் பிள்ளை கூசுவதில்லை. புரதம் நிறைந்த சோறுண்ணும் பிள்ளை கூசுகிறது! இந்தக் கூச்சத்தைப் பிள்ளைக்குக் கற்பித்தவர்கள் பெரியவர்களாகிய நாமே.

மீனை உப்பிட்டுக் காப்பது இழிவான தொழிலாயிருந்தால் ஐரோப்பாவின் வர்த்தக சரித்திரத்தையே திருத்தி எழுத வேண்டியிருக்கும். இடைக்காலத்தில் இன்றைய ஸ்வீடனின் தென்கோடியான ஸ்கோனே கரையில் ஹெரிங் கூட்டங் கூட்டமாக வந்து குவிந்தது. அங்கே மீன் இருந்தது. போதிய உப்பு இல்லை. ஜெர்மனியின் லூனெபுர்க் நகரத்து உப்பை லூபெக் நகரத்து வணிகர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து, பீப்பாய் பீப்பாயாக உப்பு மீனைத் திரும்பக் கொண்டுவந்தனர். கிறிஸ்தவர்கள் விரத நாட்களில் இறைச்சியை விலக்கி மீன் உண்டதால் அந்தப் பீப்பாய்கள் கண்டமெங்கும் விலைபோயின. லூபெக் செல்வம் கொழித்ததற்கு மீனும் உப்பும் முக்கியமான காரணங்கள்.

நம் கரையிலும் மீன் இருந்தது; உப்பும் இருந்தது. ஆனால் உப்பின் மீது வரி இருந்தது. அடக்க விலையைப்போலப் பன்மடங்கு வரி செலுத்தி உப்பு வாங்க மீனவரால் இயலவில்லை. ஆகவே மீன் அழுகிற்று. அல்லது உவர் மண்ணைத் தடவி அரைகுறையாக உலர்த்தப்பட்டது. மீன் வளத்தை ஆராய்ந்த பிரான்ஸிஸ் டே போன்றவர்கள் இதைச் சர்க்காருக்கு எடுத்துரைத்தனர். அதன் பின்னரே, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சென்னை ராஜதானியில் வேலியடைத்த மீன் உப்பிடும் களங்கள் ஏற்பட்டு, அவற்றுக்குள் மட்டும் வரியில்லா உப்பு வழங்கப்பட்டது. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோது அந்த யாத்திரை சமையலறைக்கும் சம்பந்தமுடையதாயிருந்தது என்பதை மீன் உப்பிடுகிறவர்கள் நன்றாக உணர்ந்திருப்பார்கள். உப்பு வரி 1947-இல் ஒழிந்தது. இன்று ஒரு படி உப்பு வாங்க யாரும் யோசிப்பதில்லை.

வடதேசத்தார் செய்வதைப் போலவே மீனை அதன் உப்பு நீரிலேயே ஊறவிடும் வித்தை நமக்குப் புதிதுமன்று. மேற்குக் கரையில் கானாங்கெளுத்தி முதலிய மீன்களின் செவுளையும் குடலையும் நீக்கி, மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு வீதம் கலந்து, இடையிடையே கொடம்புளித் துண்டுகளை வைத்துத் தொட்டியில் அடுக்குவார்கள். மீனிலிருந்து ஊறும் நீரிலேயே அது பதப்படும். பிறகு மரப் பீப்பாய்களில் அடைத்து இலங்கைக்கு அனுப்பிவந்தார்கள். கொழும்புக்குப் போனதால் அந்தப் பக்குவத்துக்கே கொழும்பின் பெயர் நிலைத்துவிட்டது. இலங்கையில் சிங்களர் இவ்விதமே உப்பும் கொறுக்காய்ப் புளியும் சேர்த்துச் செய்யும் மீனுக்கு 'ஜாடி' என்று பெயர். நாம் ஊறுகாய் போடும் பாத்திரத்தின் பெயர் அங்கே பதார்த்தத்துக்கே வந்துவிட்டது!

இனி நம் வீட்டு அடுப்புக்கு வருவோம். முதலில் ஓர் எச்சரிக்கை. வடதேசத்தார் ஹெரிங்கை அடுப்பிலேற்றாமலே ஊறவைக்கிறார்கள். அங்கே பாதி வேலையைக் குளிரே செய்துவிடும். அப்படியும் மீனில் இருக்கக்கூடிய புழுக்களைக் கொல்லும் பொருட்டு, பச்சையாக ஊறவைக்கும் ஹெரிங்கை முன்னதாகக் கடுங்குளிரில், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில், ஒரு நாள் முழுதும் உறையவைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. நம் வெயிலில், நம் வீட்டு வசதியில், பச்சை மீனை ஊறவைக்கும் பரீட்சை வேண்டவே வேண்டாம். நல்ல வேளையாக ஸ்வீடன் தேசத்தாரிடமே மற்றொரு வழி இருக்கிறது. ஸ்த்ரெம்மிங் மீனை மாவில் புரட்டி வறுத்து, ஆறிய பின் காடி நீரில் ஊறப்போடுவது அவர்களுக்கு மிகவும் பிரியமான எளிய உணவு. நமக்கு ஏற்றது அதுவே.

மீன் வாங்குவதில் கவனம் வேண்டும். கடலுக்குத் தொலைவில் உள்ள நம் போன்ற ஊர்க்காரர்களுக்கு இது மிக முக்கியம். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை முதலிய மீன்கள் பனிக்கட்டியின்றி வெளியே கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் நஞ்சு ஊறுகிறது. எவ்வளவு வேகவைத்தாலும், உப்பும் புளியும் எவ்வளவு சேர்த்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிப்பது அதன் அறிகுறி. ஆகையால் கண் தெளிந்து, செவுள் சிவந்து, வயிறு உடையாமல் விறைப்பாக, பனிக்கட்டியில் புதைந்து கிடக்கும் மீனையே வாங்குக. மலிவு என்று மாலை வரை வெயிலில் கிடந்த மீனை வாங்குவது சிக்கனம் ஆகாது. நல்ல மத்தி கிடைக்காத நாளில் கண்மாய்க் கெண்டையைத் துண்டு போட்டு இதே முறையில் செய்யலாம்.

அரைக் கிலோ மத்தியைச் செதிலும் தலையும் குடலும் நீக்கிக் கழுவுக. வயிற்றுப் பக்கமாக விரித்து, கட்டைவிரலால் நெம்பினால் நடுமுள் முழுதாக வந்துவிடும். ஒரு மேஜைக் கரண்டி உப்பும் சிறிது மிளகுத் தூளும் தடவிக் கால் மணி நேரம் வைக்கவும். அவர்கள் கம்பு போன்றதொரு தானியமாகிய ரை மாவில் புரட்டுவார்கள். நமக்குக் கேழ்வரகு மாவு அதைவிடக் குறைந்ததன்று. மாவில் புரட்டி, தோசைக் கல்லில் கடலை எண்ணெய் விட்டு, இரு புறமும் நன்றாக வேகும்படி வறுத்து ஆறவிடுக.

ஊறல் நீருக்கு ஸ்வீடன் வீடுகளில் ஒரு வாய்பாடு உண்டு: ஒன்று, இரண்டு, மூன்று. அதாவது காடி ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் மறக்காத கணக்கு. ஆனால் அதை அப்படியே நாம் எடுத்துக்கொண்டால் கணக்குத் தவறிவிடும். அவர்களுடைய காடி நூற்றுக்கு 12 பங்கு புளிப்புள்ளது. நம் கடைகளில் விற்கும் வினிகர் பெரும்பாலும் 4 அல்லது 5 பங்கே. ஆதலால் நாம் ஒன்றரைக் கோப்பை காடிக்கு அரைக் கோப்பை தண்ணீரும் ஒரு கோப்பை சர்க்கரையும் சேர்க்க வேண்டும். இதில் பத்து மிளகு, நான்கு கிராம்பு, இரண்டு பிரிஞ்சி இலை, ஒரு சிட்டிகை உப்பு போட்டு ஒரு கொதி விட்டு, முற்றிலும் ஆறவிடுக. நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பை விதை கிடைக்கும்; அரைத் தேக்கரண்டி போட்டால் வடதேசத்து வாசனையே வந்துவிடும்.

கண்ணாடிப் பாத்திரம் அல்லது பீங்கான் பரணியில் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை மெல்லியதாக அரிந்த வெங்காயமும் காரட்டும் என்று அடுக்கி, மீன் மூழ்கும்படி ஊறல் நீரை ஊற்றவும். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்கள் கூடவே கூடா. புளிப்பு அவற்றை அரிக்கும். குளிர்ப்பெட்டியில் ஓர் இரவு இருந்தால் மறு நாள் ருசி கூடியிருக்கும். நான்கு நாட்களுக்குள் உண்டு முடித்துவிட வேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டார் காலையில் செய்து அன்றைக்கே உண்டுவிடுவது நலம். இரத்த அழுத்தமுள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்க. நீரிழிவுள்ளவர்கள் ஊறல் நீரைக் கிண்ணத்தில் விட்டுக் குடிக்காமலிருப்பது நல்லது!

அவித்துத் தோலுரித்த உருளைக்கிழங்கு இதற்கு முதல் துணை. டென்மார்க்கில் கறுத்த ரை ரொட்டியின் மேல் வெண்ணெய் தடவி, ஹெரிங்கையும் வெங்காயத்தையும் வைத்துத் திறந்தபடியே உண்பார்கள். நாம் கேழ்வரகு ரொட்டியின் மேல் வைக்கலாம். அவித்த பீட்ரூட், உருளைக்கிழங்கு, ஒரு புளிப்பு ஆப்பிள் ஆகியவற்றைச் சிறு சதுரங்களாக நறுக்கி, மீனையும் உதிர்த்துக் கலந்தால் சிவந்த நிறத்தில் ஒரு பச்சடி கிடைக்கும். ஸ்வீடனில் அது கிறிஸ்துமஸ் பதார்த்தம். புளித்த பாலேட்டுக்குப் பதில் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடித்துக்கொள்ளலாம். மீனும் தயிரும் சேரக் கூடாது என்பது நம் பாட்டிமார் வாக்கு; வடதேசத்தார் பாலேட்டோடு சேர்த்தே உண்டு வருகிறார்கள். மனம் ஒப்பாதவர்கள் தயிரை விட்டுவிட்டு எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளலாம். அதனால் ருசிக்குக் குறைவில்லை.

மரக்கறி உண்ணும் வீடுகளையும் நாம் மறக்கவில்லை. வெள்ளரிக்காயை ஏடு ஏடாக அரிந்து, உப்புத் தூவி, மேலே ஒரு கனமான தட்டை வைத்து அரை மணி நேரம் அழுத்துக. நீரை வடித்துவிட்டு, மேலே சொன்ன ஊறல் நீரையே சிறிது ஊற்றிக் கொத்தமல்லித் தழை தூவினால், அதுவும் ஸ்வீடன் வீட்டு வெள்ளரிக்காய்ப் பச்சடிதான்.

இந்த மீனை மறு நாள் காலையில் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பலாமா என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். நம் வெயிலில் மதியம் வரை அதை வைத்திருக்க வேண்டாம்; வீட்டில் இரவு உணவோடு கொடுங்கள். கொடுக்கும்போது, இது ஸ்வீடன் முறை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், இது நம் கடலின் மத்தி என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த முறை கருவாட்டுக் குழம்பு கொண்டுபோகும் பிள்ளை, பாத்திரத்தின் மூடியை முழுதும் திறந்து வைத்து உண்ணட்டும்.