மாமா கடை வெப்சைட்டும் என் ரியாக்ட் ஆசையும்

ரெண்டாவது வருஷம் படிக்கும்போது மாமா கடைக்கு ஒரு வெப்சைட் செஞ்சு கொடுத்தேன். அதையே மினி ப்ராஜெக்ட்டாகவும் காட்டி நல்ல மார்க் வாங்கினேன். எனக்கு லாபம், மாமாவுக்கு நஷ்டம். இதை முதல்லயே ஒத்துக்கிறேன். ஏன்னா நம்மள்ல நிறைய பேர்கிட்ட "கம்ப்யூட்டர்தானே படிக்கிறே, நம்ம கடை வெப்சைட்டைக் கொஞ்சம் புதுசாக்கிக் கொடு"ன்னு ஒரு மாமாவோ சித்தப்பாவோ கேட்டிருப்பாங்க. இல்லேன்னா இனிமே கேப்பாங்க.

மாமா கோயம்புத்தூர்ல வெட் கிரைண்டர் விக்கிறார், சர்வீஸும் பண்றார். வீட்டு கிரைண்டர், ஹோட்டலுக்கு டில்டிங் கிரைண்டர், அப்புறம் கல்லு, பெல்ட், ஸ்கிரேப்பர், மோட்டார்னு எல்லா ஸ்பேரும் கிடைக்கும். 2011-ல ஒருத்தர் அவருக்கு வெப்சைட் பண்ணிக் கொடுத்திருக்கார். திறந்ததும் கிரைண்டர் சுத்துற மாதிரி ஒரு ஃப்ளாஷ் அனிமேஷன் வரும். 2020 டிசம்பர் 31-ஓட அடோபி ஃப்ளாஷை நிறுத்தினதுக்கு அப்புறம் அந்த இடத்துல வெறும் கட்டம்தான். எச்டிடிபிஎஸ் இல்லாததால 2018-ல இருந்தே குரோம் அதைப் பாதுகாப்பில்லாத தளம்னு காட்டிட்டு இருந்துச்சு. பாக்குறவங்களுக்கு ஏதோ மோசடிக் கடை மாதிரி தெரியும்.

தமிழ்ப் பக்கம் இன்னும் மோசம். அது யூனிகோட் இல்ல, பழைய தமிழ் ஃபான்ட் ஒண்ணுல அடிச்சது. அந்த ஃபான்ட் இருக்குற கம்ப்யூட்டர்ல தமிழாத் தெரியும், போன்ல திறந்தா வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. கூகுளுக்கும் அது குப்பைதான். "கிரைண்டர் பெல்ட்"னு தமிழ்ல யார் தேடினாலும் மாமா கடை வரவே வராது, அந்த வார்த்தை பக்கம் முழுக்க இருந்தும். அப்போ எனக்கு இதெல்லாம் உறைக்கல. ஸ்கூல்ல இருந்து இங்கிலீஷ் மீடியம், தமிழ்ல தேடிப் பாக்கணும்னே தோணல.

நான் என்ன பண்ணேன்? எல்லாத்தையும் தூக்கிட்டு ரியாக்ட்ல புதுசா எழுதினேன். கறுப்புப் பின்னணி, ஸ்க்ரோல் பண்ணப் பண்ண மிதந்து வர்ற படங்கள், லோடிங் அனிமேஷன். ஸ்பேர் பட்டியல் நீளமா அசிங்கமா இருக்குன்னு எடுத்துட்டேன். போன் நம்பரை அடியில சின்னதா போட்டுட்டு, பெருசா ஒரு ஃபார்ம் வெச்சேன். வைவால என்ன ஃப்ரேம்வொர்க், என்ன டேட்டாபேஸ்னு கேட்டாங்க. பெல்ட் விலை ஏறினா யார் மாத்துவாங்கன்னு யாரும் கேக்கல. நானும் யோசிக்கல.

அந்த ஃபார்ம்ல வர்றது என் காலேஜ் மெயிலுக்கு வரும்படி வெச்சிருந்தேன், டெஸ்ட் பண்றதுக்காக. மாத்த மறந்துட்டேன். எட்டு மாசம் கழிச்சு வேற எதையோ தேடி ஸ்பேம் ஃபோல்டரைத் திறந்தப்போ 37 மெயில் கிடந்துச்சு. ஒண்ணு ஓசூர்ல இருந்து, ஹோட்டலுக்கு 3 டில்டிங் கிரைண்டர் வேணும்னு. தேதி பாத்தா ஆறு மாசம் ஆச்சு. அவங்க வேற கடையில வாங்கி, மாவாட்டி, இட்லியும் வித்து முடிச்சிருப்பாங்க. மாமாகிட்ட போய்ச் சொன்னேன். திட்டுவார்னு பாத்தா, "பரவால்ல மாப்ள, உனக்கு மார்க் வந்துச்சுல்ல"ன்னார். திட்டியிருக்கலாம்.

அதனால என் கருத்து இதுதான்: சின்னக் கடை வெப்சைட்டைப் புதுப்பிக்கிறப்போ காசு கம்மியா இருக்கறது பெரிய பிரச்சனையே இல்ல. அந்த வெப்சைட்டோட சாவி யார் கையில இருக்குங்கறதுதான் பிரச்சனை. 2011-ல அது டிசைனர் கையில இருந்துச்சு. அப்புறம் என் கையில. மாமா கையில எப்பவுமே இல்ல.

இந்த வருஷம் மறுபடி உக்காந்தோம். ஒரு கம்பெனியில விலை கேட்டதுக்கு 45,000 ரூபாய், வருஷா வருஷம் பராமரிப்பு தனின்னாங்க. அநியாய விலைன்னு சொல்ல மாட்டேன், அவங்களும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கணும். மாமா ஒதுக்கினது 5,000. "அதுக்கு மேல ஒத்த ரூபா கிடையாது மாப்ள, ஒருக்கா பட்டாச்சு."

டிசைனைத் தொடுறதுக்கு முன்னாடி டொமைன் யார் பேர்ல இருக்குன்னு பாத்தோம். பழைய டிசைனர் மெயில்லதான் இருந்துச்சு. மாமா வருஷாவருஷம் அவருக்குப் பணம் அனுப்புவார், அவர் புதுப்பிப்பார். ஒரு வருஷம் அவர் மறந்திருந்தா, இல்ல நம்பரை மாத்தியிருந்தா, கதை முடிஞ்சது. காலாவதியான டொமைனை யார் வேணா வாங்கலாம், சூதாட்ட சைட்காரங்க உட்பட. மாமா 2011-ல இருந்து வித்த ஒவ்வொரு கிரைண்டர்லயும் அந்த முகவரி ஸ்டிக்கரா ஒட்டியிருக்கு. கிரைண்டர் பத்துப் பதினஞ்சு வருஷம் உழைக்கிற சாமான். ரிப்பேர் வர்றப்போ வீட்டம்மா அந்த ஸ்டிக்கரைப் பாத்துத் தட்டுனா என்ன வரும்? யோசிச்சாலே வயித்தைக் கலக்குது. நல்லவேளை அந்த அண்ணன் நல்ல மனுஷன். மூணு வாரம் அலைய வெச்சார், ஆனா டிரான்ஸ்ஃபர் கோடைக் கொடுத்துட்டார். இப்போ டொமைன் மாமா பேர்ல, மாமா நம்பர்ல.

மத்த வேலை சீக்கிரம் முடிஞ்சது. சாதாரண எச்டிஎம்எல் பக்கங்கள் ஆறு, க்ளவுட்ஃப்ளேர் பேஜஸ்ல இலவசமா ஓடுது, எச்டிடிபிஎஸ்ஸும் அதுலயே வந்துடுது. நான் தூக்கிப் போட்ட ஸ்பேர் பட்டியலை வேபேக் மெஷின்ல இருந்து தோண்டி எடுத்தேன். தமிழை ஒரு கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடாக்கி, தப்பைக் கையால திருத்தினேன். பழைய பக்க முகவரிகள் எல்லாம் புதுப் பக்கத்துக்குத் திரும்பும்படி ரீடைரக்ட் வெச்சாச்சு. போன் நம்பர் மேலயே, தொட்டா கால் போற மாதிரி. ஃபார்ம் கிடையாது.

காசு போன இடம் படம். பக்கத்து ஸ்டுடியோ அண்ணன் அரை நாள் வந்து ஒவ்வொரு பெல்ட்டையும் ஒரு ஸ்கேல் பக்கத்துல வெச்சு எடுத்தார், 2,000 ரூபாய். மாடல் பேர் தெரியாதவங்கதான் அதிகம், படத்தைப் பாத்து "இதுதான் என்னோடது"ன்னு சொல்லுவாங்க. டொமைனுக்கு ஆயிரத்துக்குள்ள. மிச்சம் அடுத்தடுத்த வருஷ ரினியூவலுக்கு.

விலைப் பட்டியல் ஒரு கூகுள் ஷீட்ல இருந்து வருது. அத்தைதான் மாத்துறாங்க. முதல் நாள் வசதியா இருக்கும்னு பக்கத்து காலம்ல கொள்முதல் விலையையும் அடிச்சுட்டாங்க! அந்த ஷீட்டை ஊரே பாக்கலாம்னு சொல்லி அவசர அவசரமா அழிக்க வெச்சேன். ஷீட் லோட் ஆகாட்டியும் நம்பரும் முகவரியும் தெரியணும்னு அதை மட்டும் நேரா எச்டிஎம்எல்லயே எழுதிட்டேன்.

ரூம்மேட் கேட்டான்: "இந்தக் காலத்துல எதுக்குடா வெப்சைட்? வாட்ஸ்அப் பிசினஸ், கூகுள் மேப், இன்ஸ்டா போதாதா?" டீக்கடைக்கும் டெய்லருக்கும் போதும், அவங்களை வெப்சைட் போடச் சொல்லி நாம அரிக்க வேண்டாம். மாமாவும் மேப்ல கடையைச் சேத்திருக்கார், பாதி கால் அதுலதான் வருது. ஆனா மேப் லிஸ்டிங்கோட கூகுள் இலவசமா ஒரு குட்டி வெப்சைட் கொடுத்துட்டு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? 2024 மார்ச்ல அதை மூடிட்டாங்க. அந்த முகவரியை விசிட்டிங் கார்டுல அச்சடிச்சவங்க கதி? வாடகை வீட்டுல இருக்கலாம், தப்பில்ல. கிரைண்டர்ல ஒட்டுற முகவரி மட்டும் சொந்தமா இருக்கட்டும்.

ஒண்ணு ஒத்துக்கணும். இந்தப் புது சைட்டை ரெஸ்யூமேல போட்டா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. ப்ளேஸ்மென்ட்ல நான் காட்டினது அந்தப் பழைய ரியாக்ட் சைட்டைத்தான், வேலையும் கிடைச்சுது. ஜூன்ல சென்னை போறேன். அதுக்காகவே எல்லா லாகின் விவரத்தையும், ரினியூவல் தேதியையும் ஒரு நாற்பது பக்க நோட்டுல தமிழ்ல எழுதி மாமாவோட கல்லாப் பெட்டியில வெச்சிருக்கேன். பாஸ்வேர்டை நோட்டுல எழுதக் கூடாதுன்னு நமக்குப் பாடம் எடுத்திருக்காங்க, தெரியும். அந்தக் கல்லாவோட சாவி அத்தை இடுப்புல இருக்கு.

ஆயுத பூஜைக்குக் கடை ரெண்டு நாள் லீவுன்னு சைட்ல மேல ஒரு வரி வந்துச்சு. ஹாஸ்டல்ல உக்காந்து அதைப் பாத்துதான் எனக்கே லீவுன்னு தெரிஞ்சது.