இயந்திரங்கள் மட்டும் போதா

வட மத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்ட, காரணம் இன்றுவரை திட்டவட்டமாக நிறுவப்படாத சிறுநீரக நோய் எண்ணற்ற விவசாயக் குடும்பங்களை நிலைகுலையச் செய்துள்ளது. ஏனைய மாகாணங்களில் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் அதே வேலையைச் செய்து வருகின்றன. இதனால் குருதிச் சுத்திகரிப்பு இயந்திரங்கள் வேண்டுமென்ற கோரிக்கை எங்கும் ஒலிக்கின்றது. 2021 ஆம் ஆண்டு சீன உதவியுடன் பொலனறுவையில் சிறுநீரக நோய்க்கென விசேட வைத்தியசாலை திறக்கப்பட்டமை வரவேற்கத்தக்கதே. ஆயினும், அவ்வியந்திரத்துக்குக் குருதியைக் கொண்டு செல்லும் வழி பற்றி நாம் போதியளவு பேசுவதில்லை.

சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு நிமிடமொன்றுக்குச் சுமார் 300 மில்லிலீற்றர் குருதி தேவை. சாதாரண நாளமொன்றினால் அதனை வழங்க முடியாது. ஆகவே, முன்கையில் நாடியொன்றையும் நாளமொன்றையும் சத்திரசிகிச்சை மூலம் இணைக்கின்றனர். 1966 இல் நியூயோர்க்கில் பிறெஸ்கியா, சிமினோ ஆகிய வைத்தியர்கள் தமது குழுவினருடன் அறிமுகப்படுத்திய 'பிஸ்டியுலா' எனும் இம்முறையே இன்றும் பெரும்பாலானோருக்குச் சிறந்ததாகக் கருதப்படுகின்றது. ஆனால் அந்த நாளம் தடித்துப் பெருத்து ஊசியைத் தாங்குவதற்கு ஆறு வாரங்கள் முதல் மூன்று மாதங்கள் வரை செல்லும்.

இங்குதான் பிரச்சினை ஆரம்பமாகின்றது. நோய் முற்றிய பின்னர் மூச்சுத்திணறலுடன் வரும் நோயாளிக்கு மூன்று மாத அவகாசம் கிடையாது. கழுத்து நாளத்தினூடாகக் கதீற்றர் குழாயொன்று செலுத்தப்படுகின்றது. உயிர்காக்கும் அக்குழாயே நாளடைவில் உயிருக்கு உலை வைப்பதும் உண்டு. அதன் வழியே கிருமிகள் நேரடியாகக் குருதியைச் சென்றடைகின்றன. சுத்திகரிப்பின்போது குளிர் நடுக்கத்துடன் ஏற்படும் காய்ச்சல் இதற்கான எச்சரிக்கையாகும். தொற்று இதய வால்வுகளையும் தாக்கக்கூடும். குழாய் நீண்டகாலம் இருப்பின் மார்புக்குள்ளிருக்கும் பெருநாளம் ஒடுங்கி, கையும் முகமும் வீங்குகின்றன. பின்னர் அக்கையில் பிஸ்டியுலா அமைப்பதும் கடினமாகின்றது.

பிஸ்டியுலாவும் முற்றிலும் ஆபத்தற்றதன்று. வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு இரண்டு ஊசிகள் எனின், ஆண்டொன்றுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட துளைகள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தப்படும்போது நாளச்சுவர் நலிந்து புடைக்கின்றது. அது வெடித்தால் பெருங்குருதிப்போக்கு ஏற்படும். நாளம் ஒடுங்கிக் குருதி உறைந்து பாதை முழுவதுமாக அடைபடுவதும் உண்டு. ஒருவரின் உடலில் இதற்கு ஏற்ற இடங்கள் சிலவே. ஒவ்வொன்றாக இழந்து முடித்தவருக்கு, எத்தனை இயந்திரங்கள் இருந்தும் பயன் என்ன?

எனவே, சிறுநீரகத் தொழிற்பாடு வீழ்ச்சியடையும்போதே நோயாளியைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பும் நடைமுறை வேண்டும். அத்தகையோரின் முன்கை நாளங்களில் ஊசி ஏற்றுவதைத் தவிர்த்து, இயன்றவரை புறங்கையைப் பயன்படுத்த வேண்டும். புதிய சுத்திகரிப்புப் பிரிவொன்று திறக்கப்படும்போது, பிஸ்டியுலா அமைப்பதற்கான சத்திரசிகிச்சைக்கூட நேரமும் நிபுணர்களும் தாதியருக்கான பயிற்சியும் அத்துடன் சேர்த்தே திட்டமிடப்பட வேண்டும். இயந்திரங்களுக்கு மனமுவந்து நிதி திரட்டும் பள்ளிவாசல், கோவில் நிர்வாகங்களும் நலன்புரிச் சங்கங்களும் இதனையும் கவனத்திற் கொள்ளுதல் நன்று.

நோயாளிக்கு உரிய அறிவுறுத்தல் அவரது தாய்மொழியில் கிடைப்பதும் அவசியமாகும். பிஸ்டியுலா உள்ள கையில் குருதியமுக்கம் அளக்க இடமளிக்கலாகாது; அக்கையை அழுத்தி உறங்கலாகாது; அதன் அதிர்வை நாள்தோறும் தொட்டுப் பார்க்க வேண்டும்; அதிர்வு நின்றுவிட்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தமிழ் பேசும் நோயாளி ஒருவர் இந்த நான்கு வாக்கியங்களை விளங்கிக்கொள்ளாமல் வீடு திரும்புவாராயின், 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழுக்கு வழங்கிய அரசகரும மொழி அந்தஸ்து அவரளவில் வெறும் எழுத்தே.

சத்திரசிகிச்சைக்கு அஞ்சி நாட்களைக் கடத்துவோரும் நம்மிடையே உளர். அவ்வச்சத்தைக் களைவது குடும்பத்தாரின் கடமை. உரிய நேரத்தில் அமைக்கப்பட்டுப் பேணப்படும் பிஸ்டியுலா பல ஆண்டுகள் நிலைத்து நிற்கக்கூடியது. இயந்திரங்களின் எண்ணிக்கையைக் கூறிப் பெருமைப்படும் அதிகாரிகள், சுத்திகரிப்புப் பெறுவோரில் எத்தனை பேர் இன்னமும் கழுத்துக் குழாயுடன் இருக்கின்றனர் என்ற எண்ணிக்கையையும் ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.