தும்மலுக்குத் துண்டு போடுதல்

பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட் பிடிக்கிறோம் இல்லையா? ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையின் வேலை அவ்வளவுதான்.

பக்கத்தில் வடுகபட்டியில் பூண்டுச் சந்தை. கொடைக்கானல் மலைப்பூண்டு (2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெரிய மனுஷன்!) மூட்டை மூட்டையாக இறங்கும். சருகுத் தூள் பறக்கும். சில மூக்குகளுக்கு அது ஆகாது. மூக்கின் உட்தோலில் 'மாஸ்ட் செல்' என்று சில காவல்காரர்கள். தூசியைத் திருடன் என்று நினைத்துப் பதறி, ஹிஸ்டமின் என்ற சரக்கை அவிழ்த்து விடுவார்கள். அது 'ஹெச்-1' என்கிற சீட்டுகளில் போய் உட்காரும். அப்புறம் அரிப்பு, ஒழுகல், வரிசையாகத் தும்மல்.

மாத்திரை ஹிஸ்டமினை அடித்து விரட்டுவதில்லை. அந்த சீட்டில் துண்டு போடுகிறது. அதனால், தும்மி ஓய்ந்த பிறகு போடுவதைவிட முன்கூட்டியே போட்டால் பலன் அதிகம். 1937-ல் பாரிஸில் இந்த வித்தையைக் கண்டுபிடித்த டேனியல் போவேக்கு 1957-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

வில்லங்கம் எங்கே என்றால், மூளையிலும் ஹிஸ்டமின் உண்டு. அங்கே அதன் உத்தியோகம் நம்மை விழிப்பாக வைத்திருப்பது. அவில், குளோர்பெனிரமின் மாதிரி பழைய ஆசாமிகள் மூளைக்குள்ளும் புகுந்து துண்டு போட்டுவிடுவார்கள். கொட்டாவி! செட்ரிசின் கொஞ்சம் நாகரிகம்; ஆனாலும் சிலருக்குக் கண்ணைச் சொருகும். ஃபெக்ஸோஃபெனடின் பெரும்பாலும் வாசலோடு நின்றுவிடும். எதுவாக இருந்தாலும் 'தண்ணி'யோடு சேர்க்காதீர்கள். நாக்கு வீங்கி மூச்சு முட்டினால் மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அங்கே அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும். உடனே ஆஸ்பத்திரி.

சந்தையில் என் தும்மலைப் பார்த்துவிட்டு, மூட்டை இறக்கும் தம்பி ஒருவன் சட்டைப் பையிலிருந்து அவில் அட்டையை எடுத்தான்.

"ஒண்ணு போடுங்கண்ணே, கப்புனு நின்னுரும்."

"ராத்திரி கொடைக்கானலுக்கு லாரியில போவேன்னு சொன்னியே. இதைப் போட்டா தூக்கம் வராதா?"

"வரும்ணே. நான் பின்னால படுத்துருவேன். வண்டி ஓட்டுறது எங்க மாமாதான?"

"நல்லவேளை. அவருக்குத் தும்மல் கிடையாதா?"

"அவருக்கா? அட்டையே அவருதுதாண்ணே!"