மண்ணுக்கா விலை?

புரட்டாசி அமாவாசை வந்துவிட்டால் நம் வீடுகளில் கலையபிமானம் பொங்கி வழியத் தொடங்கிவிடும். படி கட்டிப் பொம்மை அடுக்கி, வீட்டுப் பெண்கள் பின்னிய மணிப்பையையும் பூவேலைத் துணியையும் பக்கத்தில் பரப்பி, வருகிறவர்களின் பாராட்டுக்குக் காத்திருப்போம். நல்ல வழக்கம்தான்; இருக்கட்டும்.

ஆனால் அதற்கு முந்தின வாரம் கடைத்தெருவில் நடக்கும் கூத்தைப் பாருங்கள். "களிமண்ணுக்கா இத்தனை விலை? பாதிக்குக் கொடு!"

அவர் மண்ணுக்கா விலை கேட்டார்? மதுரைக்கு அருகே விளாச்சேரிக்குப் போய்ப் பாருங்கள். மண்ணைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, உலர்த்தி, சூளையில் சுட்டு, வர்ணம் தீட்டி, கடைசியில் கண் எழுதுகிறார்கள். நடுவே ஒரு மழை பிடித்துக்கொண்டால் காயாத பொம்மை அத்தனையும் பாழ்.

உங்கள் மணிப்பையைக் கையில் எடுத்து ஒருவர், "இந்த நூலும் மணியும் என்ன பெறும்?" என்று கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? பொம்மைக்காரருக்கும் அப்படித்தான் இருக்கும். விலை அச்சடித்த பிளாஸ்டிக் பெட்டிக்கு வாய் திறக்காமல் பணத்தை எண்ணி வைக்கிறோம். ஏழையின் கைவேலையிடம் மட்டும்தான் நம் சாமர்த்தியம் எல்லாம்!

ஒன்பதாம் நாள் ஆயுதத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அந்த ஆயுதத்தைப் பிடித்த கையின் கூலியைக் குறைத்துவிட்டு நடத்தும் பூஜை, யாருக்கு ஐயா?