'பாசிட்டிவ்' என்றால் பயப்பட வேண்டுமா?

மார்பகக் கட்டியிலிருந்து திசு எடுத்துச் சோதித்த பிறகு வரும் அறிக்கையில் 'ஈஆர் பாசிட்டிவ்', 'பிஆர் பாசிட்டிவ்' என்ற சொற்களைப் பார்த்துப் பல பெண்கள் கலங்கிப்போகிறார்கள். சோதனையில் பாசிட்டிவ் என்றாலே கெட்ட செய்தி என்று பழகிவிட்டோம். இங்கே அப்படியில்லை.

ஈஆர் என்பது ஈஸ்ட்ரோஜென் ஏற்பி. பிஆர் என்பது புரோஜெஸ்டிரோன் ஏற்பி. ஹார்மோன் சாவி என்றால், ஏற்பி பூட்டு. சாவி பூட்டில் சேர்ந்ததும் புற்று உயிரணு பெருகத் தொடங்கும். மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு ஈஸ்ட்ரோஜென் ஏற்பி உள்ளவை. 100 உயிரணுக்களில் ஒன்றில் அது தென்பட்டாலே பாசிட்டிவ்தான். எண்ணிக்கை கூடக்கூட ஹார்மோன் சிகிச்சை கைகொடுக்கும் வாய்ப்பும் கூடும்.

சூலகங்களை அகற்றினால் முற்றிய மார்பகப் புற்று சுருங்கக்கூடும் என்பதை ஸ்காட்லாந்து மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896லேயே எழுதினார். 1950களின் இறுதியில் அமெரிக்க அறிவியலாளர் எல்வுட் ஜென்சன் இந்த ஏற்பியைக் கண்டறிந்த பிறகுதான் அதன் காரணம் விளங்கியது.

இன்று அந்த வேலையை மாத்திரை செய்கிறது. தமோக்சிஃபென் பூட்டின் துளையை அடைக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்குத் தரப்படும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்றவை சாவி உருவாவதையே குறைக்கின்றன. ஈஆர் பாசிட்டிவ் உள்ளவர்கள் தமோக்சிஃபெனை 5 ஆண்டுகள் எடுத்துக்கொண்டால், மார்பகப் புற்றுநோயால் இறக்கும் அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

ஆனால், ஓர் எச்சரிக்கை. இவ்வகைப் புற்றுநோய் மெதுவாக நடப்பது. 10, 15 ஆண்டுகள் கழித்தும் திரும்பி வரக்கூடும். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது ஆபத்து. மூட்டுவலி, திடீர் உடல்சூடு போன்ற தொல்லைகள் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்ற வழியுண்டு.

ஈஆர், பிஆர் இரண்டும் இல்லாவிட்டால் ஹார்மோன் மாத்திரையால் பயனில்லை. அறிக்கையின் மூன்றாவது பெயரான ஹெர்2 ஹார்மோன் ஏற்பி அன்று. அது பாசிட்டிவாக இருந்தால் அதற்கெனத் தனி மருந்துகள் உண்டு. மூன்றுமே நெகட்டிவ் என்றால் நோய் திரும்பும் அபாயம் முதல் சில ஆண்டுகளில்தான் அதிகம். 5 ஆண்டுகளைக் கடந்தால் வெகுவாகக் குறையும். இவர்களுக்குக் கீமோதெரபி முக்கிய சிகிச்சை.

ஏற்பியை மட்டும் வைத்து எதிர்காலத்தைக் கணிக்க முடியாது. கட்டியின் அளவு, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா என்பதையும் மருத்துவர் சேர்த்தே பார்ப்பார்.

அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் ஈஆர் எத்தனை விழுக்காடு? ஹெர்2 என்ன? மாத்திரை எத்தனை ஆண்டுகளுக்கு? ஒருவேளை நோய் திரும்பினால் ஏற்பிகளை மீண்டும் சோதிக்கச் சொல்லுங்கள். அவை மாறியிருக்கவும் கூடும்.