வாசலை மறிக்கும் லாகின்

அரசு இணையதளங்களில் லாகின் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றிக் கட்டுரை எழுதிய ஒருவர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்: முகப்பிலேயே, எல்லாவற்றுக்கும் முன்னால். மெனுவின் மூலைக்கு மூலை லாகின் இருப்பதால்தான் சனங்கள் குழம்புகிறார்களாம். வருகிறவர் முதலில் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டால் ஒழுங்கும் வரும், பாதுகாப்பும் வரும் என்கிறார். போதாததற்கு, கிராமத்து ஆட்களைக் கொஞ்சம் பழக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று ஓர் உபதேசம் வேறு. இதற்கெல்லாம் விருத்தாசலம் வட்டாரத்தையே உதாரணம் காட்டியிருக்கிறார். அதே வட்டாரத்துப் பெண்ணாடத்தில் உட்கார்ந்துகொண்டு இதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

அவர் சொல்லும் ஏற்பாடு புதிதா? விருத்தாசலத்திலிருந்து எழும்பூருக்கு எந்த வண்டியில் இடம் இருக்கிறது என்று ஐஆர்சிடிசி தளத்தில் பார்க்க வேண்டுமானால் ஒரு காலத்தில் முதலில் லாகின் செய்தாக வேண்டும். கேப்ட்சா எழுத்தில் ஒன்று தப்பினாலும் மறுபடி முதலிலிருந்து. பயணம் போவதா வேண்டாமா என்றே முடிவு செய்யாத ஆளுக்கு இந்தச் சோதனை. 2018-ல் தளத்தைப் புதுப்பித்தபோது அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள். வண்டியையும் காலி இடத்தையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், டிக்கெட் போடும்போது மட்டும் லாகின் என்று ஆனது. நாட்டின் மிகப் பெரிய தளங்களில் ஒன்று பல வருடம் நடத்திப் பார்த்துக் கைகழுவிய முறையைத்தான் கட்டுரையாளர் சீர்திருத்தம் என்று கொண்டுவந்து நீட்டுகிறார்.

கிராமத்து ஆட்களைப் பழக்கும் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஜாரெட் ஸ்பூல் என்ற வடிவமைப்பு ஆலோசகர் 2009-ல் ஒரு பெரிய விற்பனைத் தளத்தின் கதையை எழுதினார். அங்கே பொருளைக் கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டப் போனால் குறுக்கே லாகின் பெட்டி நிற்கும். அந்தத் தளத்தில் 45 சதவீத வாடிக்கையாளர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் இருந்தன. சிலருக்குப் பத்து வரை. பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று ஒரு நாளைக்கு 1,60,000 கோரிக்கைகள் வந்தன. அப்படிக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பிறகு அந்தப் பொருளை வாங்கவே முயலவில்லை. கட்டாயப் பதிவை எடுத்துவிட்டு, மேலே தொடரலாம் என்று ஒரு பொத்தானை வைத்தார்கள். முதல் வருடத்தில் விற்பனை 30 கோடி டாலர் கூடியது. இவர்களில் யாரும் பெண்ணாடத்துக்காரர் கிடையாது. இங்கிலீஷ் தெரியாதவர்களும் கிடையாது. படித்தவர், படிக்காதவர் என்று பார்த்துப் பாஸ்வேர்டு மறப்பதில்லை.

அடுத்து, பாதுகாப்பு. கட்டுரையில் ரொம்பக் கனமாக உச்சரிக்கப்பட்டு, ரொம்பக் குறைவாக யோசிக்கப்பட்ட சொல் இதுதான். பதிவு அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவு சொல்கிறது. நிலம் வாங்கப் போகிறவன் வில்லங்கம் பார்ப்பது இந்த உரிமையில்தான். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் திறந்து வைத்ததை, கணினிக் காலத்தில் பாஸ்வேர்டு போட்டு மூடச் சொல்கிறார் இவர். யாரிடமிருந்து யாரைக் காப்பாற்ற?

நடைமுறையில் என்ன ஆகும் என்பதைக் கம்ப்யூட்டர் சென்டர் பக்கம் போனவர்கள் அறிவார்கள். எதற்கெடுத்தாலும் லாகின் கேட்டால், சொந்தமாகக் கணினி இல்லாதவர் பாஸ்வேர்டையும் சென்டர்காரரிடமே ஒப்படைப்பார். அவர் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். தெருவில் பாதிப் பேரின் கணக்கு அந்த ஒரு நோட்டில் இருக்கும். லாகின் கேட்கும் இடங்கள் கூடக் கூட அந்த நோட்டும் தடிக்கும். கட்டுரையாளர் தரும் பாதுகாப்பின் லட்சணம் இது.

எங்கள் ஊர்ப் பிரளயகாலேஸ்வரர் கோயிலில் நந்தி சுவாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தபடி இருக்கும். வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தத் திரும்பியதாகத் தலபுராணம். கட்டுரையாளர் தமது லாகின் பெட்டியையும் அந்த மாதிரி வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார். வருவது பிரளயம் இல்லை ஐயா, மின்கட்டணம் கட்ட வந்த மனுஷன்.

எங்கள் வட்டாரத்துச் செராமிக் பட்டறைக்காரர்களுக்காகவும் அவர் ரொம்ப வருந்துகிறார். கார்த்திகைக்கு அகல் விளக்கு அனுப்பும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். புது வியாபாரி ஒருவர் சரக்குக் கேட்கிறார். அவருடைய ஜிஎஸ்டி எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் இதற்கு லாகின் வேண்டாம். எண்ணையும் கேப்ட்சாவையும் அடித்தால் போதும். அதே பட்டறை, சரக்கை அனுப்ப இ-வே பில் போட வேறொரு தளத்துக்குப் போக வேண்டும். அங்கே பாஸ்வேர்டுக்கு மேல் ஓடிபியும் உண்டு; 2025 ஏப்ரல் முதல் சிறு வணிகர்களுக்கும் அது கட்டாயம். ஓடிபி வருவது பெரும்பாலும் முதலாளியின் போனுக்கு, கணினி முன் உட்கார்ந்திருப்பவர் கணக்கர். ஆக ஒவ்வொரு லாகினுக்கும் ஒரு போன் கால். பில் போடும்போது அது நியாயம், ஏனென்றால் அங்கே முதலாளியின் பெயரில் ஓர் ஆவணம் உருவாகிறது. சும்மா ஓர் எண்ணைச் சரிபார்க்கவும் அவரைச் சூளையடியிலிருந்து கூப்பிட வேண்டும் என்பதுதான் கட்டுரையாளரின் திட்டம்.

ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி. துறைக்கு ஒரு கணக்கு, கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு என்பது கொடுமைதான். பல தளங்களுக்கும் ஒரே கணக்கு வர வேண்டும். ஆனால் ஒரே கணக்கு வேண்டும் என்பதிலிருந்து அதை முகப்பில் கேட்க வேண்டும் என்பதற்கு அவர் எப்படித் தாவினார் என்று கட்டுரை முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை. அவரே மேற்கோள் காட்டும் வருங்கால வைப்பு நிதித் தளத்தையே பார்க்கலாம். அங்கே பாஸ்புக் பார்க்கத் தனித் தளம், பணம் கேட்கத் தனித் தளம் என்று இருந்தது. 2025 செப்டம்பரில், உறுப்பினர் ஏற்கெனவே உள்ளே இருக்கும் தளத்திலேயே பாஸ்புக்கின் சுருக்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். முகப்பில் புதுப் பூட்டு எதையும் மாட்டவில்லை.

மெனுவில் குழப்பம் இருப்பதும் உண்மை. ஆனால் லாகின்களின் எண்ணிக்கையால் வந்த குழப்பம் இல்லை அது. பொதுமக்கள், அலுவலர், சேவை மையத்தார் மூவருக்கும் ‘லாகின்’ என்று மொட்டையாக எழுதி வரிசையாக வைத்தால் யாருக்குத்தான் புரியும்? யாருக்கான வழி என்று தமிழில் எழுதுங்கள். வலது மேல் மூலை எல்லோருக்கும் பழகிய இடம். எல்லாப் பக்கத்திலும் அங்கே ஒன்று இருக்கட்டும். போனில் பார்க்கும்போது அதை மூன்று கோட்டு மெனுவுக்குள் கொண்டுபோய் ஒளிக்காதீர்கள். விண்ணப்பம் போடும் இடத்தில், அந்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வையுங்கள். லாகின் செய்து முடித்தவரை முகப்புக்குத் துரத்தாமல், விட்ட பக்கத்துக்கே திருப்பி அனுப்புங்கள். கடைசியாகச் சொன்ன இது ஒன்றைச் செய்தாலே பாதிப் புகார் அடங்கும். கட்டுரையாளர் இதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

அவருடைய யோசனையைத் துறைகள் குப்பையில் போட வேண்டும். அவருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கட்டுரைக்கு முன் ஏதாவது ஓர் இ-சேவை மையத்தில் ஒரு காலைப்பொழுது வரிசையில் நின்றுவிட்டு எழுதுங்கள்.