வருட வாடகை 614 ரூபாய்!

தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரெயிலில் ஏறினால், பரங்கிமலையைத் தாண்டியதும் கிண்டி வரும்.

அந்தக் காலத்தில், பந்தய நாட்களில் கிண்டி ஸ்டேஷனில் ஒரு தனிக் கூட்டம் இறங்கும். கையில் சிறு புத்தகம். காதில் பென்சில். எந்தக் குதிரை ஓடுகிறது, யார் ஜாக்கி என்ற விவரம் அதில் அச்சாகி இருக்கும். போகும்போது எல்லோர் முகத்திலும் நம்பிக்கை. திரும்பும்போது பலர் முகத்தில் பேச்சு இருக்காது.

அந்தக் கூட்டம் போன இடம், கிண்டி குதிரைப் பந்தய மைதானம். 1777-ம் ஆண்டு வாக்கிலேயே அங்கே பந்தயம் தொடங்கிவிட்டது. பக்கத்தில் ஒரு சாலைக்கு "ஐந்து பர்லாங் சாலை" என்றே பெயர். பர்லாங் என்பது பழைய அளவு. எட்டு பர்லாங் சேர்ந்தது ஒரு மைல். குதிரை ஓடும் தூரத்தை அந்த நாளில் பர்லாங் கணக்கில்தான் சொல்வார்கள்.

இந்த மைதானம்தான் இப்போது பெரிய வழக்கில் சிக்கி இருக்கிறது. வழக்கின் நடுவே நிற்பது குதிரை அல்ல, வாடகை!

யாருடைய கிளப்?

பந்தயம் நடத்துவது "மெட்ராஸ் ரேஸ் கிளப்". 1896-ம் ஆண்டு ஏற்பட்டது. பிறகு கம்பெனிச் சட்டப்படி பதிவானது.

கம்பெனி என்றதும் ஒரு முதலாளியை நினைக்க வேண்டாம். இது உறுப்பினர்களுடைய கிளப். கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்களே இதன் சொந்தக்காரர்கள்.

இப்படிப்பட்ட அமைப்பு நம் ஊருக்குப் புதிது அல்ல. திருவல்லிக்கேணியில் 1904-ம் ஆண்டு தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கத்தைப் பலருக்கும் தெரியும். சாமான் வாங்குகிறவரே அந்தச் சங்கத்துக்குச் சொந்தக்காரர். ஒரு தனி முதலாளி கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை பொதுக்கூட்டம். அங்கே வரவு-செலவுக் கணக்கு வைக்கப்படும். உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்கலாம்.

கூட்டுறவுச் சங்கம் அரிசி, பருப்புக்கு. ரேஸ் கிளப் பந்தயத்துக்கு. காரியம் வேறு. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டியவர் உறுப்பினரே என்ற விதி இரண்டுக்கும் ஒன்றுதான்.

வரவும் செலவும்

ரேஸ் கிளப்புக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

உறுப்பினர் கட்டணம் ஒரு பங்கு. குதிரைச் சொந்தக்காரர்கள் கட்டும் நுழைவுக் கட்டணம் ஒரு பங்கு. "புக்கி" எனப்படும் பந்தயத் தரகர்களிடம் வாங்கும் கட்டணம் இன்னொரு பங்கு. இவற்றோடு, "டோட்" என்ற பொது நிதியில் மக்கள் கட்டும் பணத்தில் கிளப்புக்கு ஒரு சதவீதம்.

செலவு என்ன? ஓடுதளத்தைப் புல் காயாமல் காக்க வேண்டும். வென்ற குதிரைக்குப் பரிசுத் தொகை கொடுக்க வேண்டும். ஊழியர் சம்பளம், லாயத்துப் பராமரிப்பு, மருத்துவர் என்று பட்டியல் நீளும்.

வரியும் உண்டு. 2017-ம் ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது குதிரைப் பந்தயத்துக்கு 28 சதவீதம் என்று வைத்தார்கள். 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் அது 40 சதவீதம் ஆகிவிட்டது.

இங்கே குடும்பத்தார் கவனிக்க வேண்டிய ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. டோட்டில் கட்டிய பணம் முழுவதும் ஜெயித்தவருக்குப் போவது இல்லை. வரி முதலில் போகும். கிளப்பின் பங்கு அடுத்துப் போகும். மிச்சம்தான் ஜெயித்தவர்களுக்கு. ஆகவே பணம் கட்டியவர்கள் அத்தனை பேரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், எந்தக் குதிரை முதலில் வந்தாலும், மொத்தத்தில் நஷ்டம்தான். ஒருவர் லாபம் பார்க்கலாம். ஊர் லாபம் பார்க்க முடியாது!

ஏக்கருக்கு நாலு ரூபாய்

இப்போது வாடகைக்கு வருவோம்.

கிண்டி மைதானம் கிளப்புக்குச் சொந்தம் அல்ல. அது அரசாங்க நிலம். 160 ஏக்கர் 86 சென்ட். வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த 1945-ம் ஆண்டில், இதை 99 வருடக் குத்தகைக்கு கிளப்புக்குக் கொடுத்தார்கள். வாடகை, வருடத்துக்குச் சுமார் 614 ரூபாய்.

வகுத்துப் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு ஒரு வருடத்துக்கு நாலு ரூபாய்கூட இல்லை. மைதானம் முழுவதற்கும் மாத வாடகை 51 ரூபாய்!

அன்றைய 614 ரூபாய் சின்னத் தொகை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது ஒரு பவுன் தங்கத்தின் விலை நூறு ரூபாயைத் தொடவில்லை. ஆனால் இன்று 614 ரூபாயை நீட்டிப் பவுன் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். பணத்தின் மதிப்பு மாறியது. கிண்டி நிலத்தின் மதிப்பு மலைபோல் ஏறியது. வாடகைச் சீட்டு மட்டும் மாறவில்லை.

1970-ம் ஆண்டில் அரசாங்கம் வாடகையை உயர்த்த முற்பட்டது. கிளப் ஒப்புக்கொள்ளவில்லை. தகராறு அன்று பிறந்தது.

பந்தயமா, சூதாட்டமா?

வாடகைத் தகராறு ஒரு பக்கம் இருக்க, பந்தயமே வேண்டாம் என்ற எண்ணமும் எழுந்தது. சம்பள நாளில் பணம் வீட்டுக்கு வராமல் மைதானத்துக்குப் போகிறது என்ற புகார் நெடுங்காலமாக இருந்தது.

1974-ம் ஆண்டு, மு.கருணாநிதி முதல்-அமைச்சராக இருந்தபோது, குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. கிளப் கோர்ட்டுக்குப் போனது. 1986-ம் ஆண்டு, எம்.ஜி.ஆர். ஆட்சியில், கிளப்பையே அரசாங்கம் எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. அதையும் எதிர்த்து வழக்கு நடந்தது.

1996-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல. குதிரையின் பழக்கமும் ஜாக்கியின் திறமையும் அதில் பெரும் பங்கு வகிக்கின்றன. ஆகவே அது சூதாட்டம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். 1986-ம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று ஆகிவிட்டது.

கிளப் பெரிய வழக்கில் ஜெயித்தது. வாடகைத் தகராறு மட்டும் தீராமல் நின்றது.

730 கோடி பாக்கி

1970 முதல் 2004 வரைக்கும் வாடகைப் பாக்கி 730 கோடியே 86 லட்சம் ரூபாய் என்று அரசாங்கம் கணக்குப் போட்டது.

கிளப்பின் வாதம் இது: 99 வருடத்துக்கு ஒப்பந்தம் இருக்கிறது, வாடகை எவ்வளவு என்று அதில் எழுதி இருக்கிறது, நடுவில் உயர்த்த இடம் இல்லை.

அரசாங்கத்தின் வாதம் இது: நிலம் பொது மக்களுடையது, நகரின் நடுவில் உள்ள இவ்வளவு பெரிய நிலத்தை ஒரு கிளப் பெயரளவு வாடகைக்கு அனுபவிக்க முடியாது.

2023-ம் ஆண்டு மார்ச் மாதம், பாக்கியை ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும் என்று சென்னை ஐகோர்ட்டில் தனி நீதிபதி உத்தரவிட்டார். கிளப் அப்பீல் செய்தது.

2024-ம் ஆண்டு இரண்டு அடிகள் விழுந்தன. ஜூன் மாதம், ஊட்டியில் இதே கிளப் நடத்திவந்த மைதானத்தில் 52 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை, வாடகைப் பாக்கியைக் காட்டி அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொண்டது. அங்கே குத்தகைக் காலம் 1978-ம் ஆண்டிலேயே முடிந்திருந்தது. செப்டம்பரில் கிண்டிக் குத்தகையை ரத்து செய்து உத்தரவு வந்தது. 9-ந் தேதி அதிகாரிகள் வந்து வாயிற்கதவுகளுக்கு சீல் வைத்தார்கள். 99 வருடத்தில் இன்னும் சுமார் 20 வருடம் மிச்சம் இருந்தது!

கிளப் மறுபடியும் கோர்ட்டுப் படி ஏறியது. 2025-ம் ஆண்டிலும் வழக்குகள் ஓயவில்லை.

வேளச்சேரிக்கு என்ன?

நிலத்தை எடுத்து என்ன செய்வது? 118 ஏக்கரில் பெரிய பூங்கா அமைக்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. மாநகராட்சி அங்கே குளங்களை வெட்டியது.

இந்தக் குளங்கள்தான் தென் சென்னைக் குடும்பங்களுக்கு முக்கியம். கிண்டிப் பக்கம் பெய்யும் மழை பள்ளம் தேடி வேளச்சேரிக்கு ஓடுகிறது. அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் போக வேண்டும். வழியெல்லாம் வீடுகள். 2015-ம் ஆண்டு டிசம்பரில் வேளச்சேரி மிதந்தது. தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. 2023-ம் ஆண்டு மிச்சாங் புயலிலும் வேளச்சேரி தப்பவில்லை. தண்ணீர் தங்க ஓர் இடம் இல்லாவிட்டால் அது அடுப்பங்கரையில்தான் தங்கும் என்பதை இந்தப் பக்கத்துத் தாய்மார்களுக்குச் சொல்லித்தர வேண்டியது இல்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. லாயத்தில் குதிரைக்குத் தீனி வைப்பவர், குதிரை தேய்ப்பவர், லாடம் அடிப்பவர், ஜாக்கி என்று பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்த மைதானம். வாடகையை நிர்ணயித்தவர்கள் அவர்கள் அல்ல. கட்டாமல் விட்டவர்களும் அவர்கள் அல்ல. மைதானம் கைமாறினால் முதலில் வேலை போவது அவர்களுக்குத்தான். பூங்காத் திட்டம் போடுகிறவர்கள் இவர்களையும் ஒரு வரியில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது

உறுப்பினர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் கிளப்புக்குக் கஷ்டம் வந்தால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவில் நடந்த ஒன்றைப் பார்க்கலாம்.

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி லீக் ஆட்டம் அங்கே மிகப் பிரபலம். "சவுத் சிட்னி ராபிட்டோஸ்" 1908-ம் ஆண்டில் பிறந்த கிளப். உறுப்பினர்களுடைய கிளப். ஒரு காலத்தில் கோப்பை மேல் கோப்பை வாங்கியது. 1971-ம் ஆண்டுக்குப் பிறகு கோப்பை இல்லை. பணமும் இல்லை. 1999-ம் ஆண்டு முடிவில் போட்டியில் இருந்தே நீக்கிவிட்டார்கள். போராடி, கோர்ட்டுக்குப் போய், 2002-ம் ஆண்டில் திரும்ப வந்தது.

2006-ம் ஆண்டு மார்ச் மாதம் உறுப்பினர்கள் கூடினார்கள். கிளப்பின் முக்கால் பங்கை நடிகர் ரஸ்ஸல் குரோவுக்கும் அவருடைய கூட்டாளிக்கும் கொடுக்கலாமா என்று ஓட்டுப் போட்டார்கள். விலை 30 லட்சம் டாலர். கொடுக்க வேண்டுமானால் நூற்றுக்கு 75 ஓட்டுத் தேவை. விழுந்தது 75.8! கால் பங்கு மட்டும் உறுப்பினர்களிடம் தங்கியது. 2014-ம் ஆண்டு, 43 வருடம் கழித்து, கோப்பை வந்தது.

விற்றது சரியா, தவறா என்று அந்த ஊர்க்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது ஒன்று. அங்கே கணக்கு உறுப்பினர் முன்னால் வந்தது. முடிவை உறுப்பினர் எடுத்தார்.

விடுபட்ட உறுப்பினர்

கிண்டியில் நிலைமை வேறு. சவுத் சிட்னிக்காரர்கள் விற்றது தங்கள் சொத்து. கிண்டிக்காரர்களின் கிளப் நிற்பது பொதுச் சொத்து. அந்தக் கிளப்பின் கணக்குப் புத்தகத்தில், பட்டியலில் பெயர் இல்லாத ஓர் உறுப்பினர் உண்டு. அவர்தான் பொது ஜனம். பரிசுத் தொகைக்கும் புல்லுக்கும் எவ்வளவு செலவு என்பது கிளப்பின் சொந்த விஷயம். நில வாடகை எவ்வளவு என்பது ஊர் விஷயம்.

தவறு ஒரு பக்கம் மட்டும் அல்ல. 1970-ம் ஆண்டில் கேட்ட வாடகை 2004 வரை பாக்கியாக வளர்ந்தது என்றால், வாங்க வேண்டியவரும் அத்தனை காலம் வாங்கவில்லை என்று அர்த்தம். 730 கோடியை அந்த 34 வருடத்துக்கும் பங்கிட்டால் சராசரி, வருடத்துக்கு 21 கோடிக்கு மேல். ஏரிக்கும் கால்வாய்க்கும் அது எவ்வளவோ ஆகி இருக்கும்.

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் எத்தனையோ சங்கங்கள் இருக்கின்றன. கூட்டுறவுச் சங்கம், குடியிருப்போர் சங்கம், விளையாட்டுக் கழகம், படிப்பகம். வருடத்துக்கு ஒரு முறை அச்சடித்த அறிக்கை வீட்டுக்கு வருகிறது. பெரும்பாலான வீடுகளில் அது அலமாரித் தட்டுக்கு விரிப்பாகப் போகிறது.

அடுத்த முறை அதை எடுத்து ஒரு தரம் படியுங்கள். பெரிய தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். வருடா வருடம் மாறாமல் நிற்கும் சின்னத் தொகை எது என்று பாருங்கள். கூட்டத்தில் எழுந்து, "இது ஏன் இப்படியே இருக்கிறது?" என்று கேளுங்கள்.

கிண்டியில் 160 ஏக்கரை வழக்கில் மாட்டிவிட்டது, அப்படி மாறாமல் நின்ற 614 ரூபாய்தான்.